அக்காவின் சிறுநீரகமும் என் சைக்கிளும்

மார்ச் 4, செவ்வாய்
ஹுவாலியன் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரி. அக்காவின் சிறுநீரகம் எனக்குள் வந்து பதினான்கு மாதம். சைக்கிள் ஓட்டலாமா என்று கேட்டேன். "ஓட்டுங்க. ஆனா விழக்கூடாது" என்றார் டாக்டர் லியாவ்.

ஆறு வருடம் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் கட்டிலில் கிடந்தவன் நான். ரயிலில் எங்கள் ஊர் பெங்லினுக்குத் திரும்பும்போது ஜன்னல் வழியாகப் பள்ளத்தாக்குச் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தேன். இரண்டு பக்கமும் மலை, நடுவில் அது பாட்டுக்குப் போகிறது. இவ்வளவு நீளமா?

மார்ச் 5
சைக்கிள் வாங்கப் போவதாக அக்காவிடம் சொன்னேன். வெங்காயத்தாளை நறுக்கிக்கொண்டே இருந்தாள்.

மார்ச் 6
இன்று பேசினாள். "நான் குடுத்தத ரோட்டுல கொண்டுபோய்க் கொட்டப் போறியா?"

தப்பென்று சொல்ல முடியுமா? அவ வயித்தக் கிழிச்சுக் குடுத்தா. நான் விளையாடப் போறேங்கறேன்.

மார்ச் 9, ஞாயிறு
இருந்தாலும் ஹுவாலியனில் ஒரு சைக்கிள் கடைக்குப் போனேன். தலைக்கு மேலே வரிசையாகச் சைக்கிள்கள். சிவப்பு ஒன்றை யே என்கிற கடைக்காரம்மா இறக்கிக் கையில் கொடுத்தாள். ஒரு பெரிய தர்பூசணியின் கனம்கூட இல்லை! மனுஷனைச் சுமக்கிற ஒன்று இத்தனை லேசாக எப்படி?

ஏறிக் குனிந்தேன். வலது தொடை மேலே வரும்போதெல்லாம் அடிவயிற்றில் இடித்தது. சரியாக அக்காவின் சிறுநீரகத்தை வைத்த இடத்தில். என் முகத்தைப் பார்த்து யே விசாரித்தாள், உண்மையைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு சாம்பல் நிறச் சைக்கிளைத் தள்ளிவந்தாள். ஹேண்டில் உயரம், டயர் அகலம், மேடேற லேசான கியர்.

"சிவப்பு பாக்க அழகு. இது உங்களுக்கு ஓட்ட அழகு."

அடுத்த வாரம் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். மனசெல்லாம் சிவப்பு.

மார்ச் 16, ஞாயிறு
அக்கா தானாகவே கூட வந்தாள். எதை வாங்குகிறேன் என்று பார்க்க வேண்டுமாம்.

ஸ்டாண்டில் நிறுத்திய சிவப்பில் என்னை ஏற்றினாள். தன் உள்ளங்கையை என் அடிவயிற்றில் வைத்து, மிதிக்கச் சொன்னாள். தொடை அவள் கையை நசுக்கியது. சாம்பலில் நசுங்கவில்லை, ஆனால் உரசியது.

"இன்னும் ரெண்டு விரல் ஏத்துங்க."

யே மறுபேச்சில்லாமல் ஹேண்டிலை ஏற்றினாள். மறுபடி மிதித்தேன். உரசவில்லை. அப்புறமும் அக்கா கையை எடுக்கவில்லை.

சாம்பலையே வாங்கினேன். ஹெல்மெட், கையுறை, விளக்குகள், இடது முன்கையில் டயாலிசிஸ் ஊசி ஏறிய இடத்துக்கு ஒரு தடித்த உறை. பஞ்சு வைத்த கால்சட்டையைப் பார்த்து அக்கா சிரித்தாள்.

மார்ச் 23
விழுந்தேன். ஓட்டும்போது அல்ல — நின்றபோது, வாசலிலேயே. முழங்கையில் சிராய்ப்பு. அக்காவிடம் மூச்சுவிடவில்லை.

மார்ச் 30, ஞாயிறு
இருபது கிலோமீட்டர். ஆற்றுப் பாலத்தின் நடுவில் இறங்கி நின்றேன். மேகம் மலையின் இடுப்பில் கிடந்தது. கீழே கல்லும் தண்ணீரும். காதில் என் மூச்சு. இத்தனை தூரம் என்னைக் கொண்டுவந்தது என் காலா, அக்கா கொடுத்ததா? கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். கும்பிடத் தோன்றியது. யாரை என்று தெரியவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு
யூலி வரைக்கும் போய்விட்டேன். ஐம்பத்தைந்து கிலோமீட்டர், வழியெல்லாம் பச்சை வயல். என்னை ரயிலில் கூட்டிக்கொண்டு திரும்பலாம் என்று அக்கா முன்னாடியே யூலிக்கு வந்து, ஸ்டேஷன் எதிரே நூடுல்ஸ் கடையில் காத்திருந்தாள்.

என்னை மேலும் கீழும் பார்த்தாள். வயிறு நோகிறதா என்று கேட்டாள். பசிக்கிறது என்றேன். தன் கிண்ணத்தையும் என் பக்கம் நகர்த்தினாள். நான் இரண்டையும் காலி செய்யும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த ஊரு எது?"

"சிஷாங். இன்னும் முப்பது கிலோமீட்டர் இருக்குக்கா."

கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நீ மெதுவா ஓட்டிக்கிட்டு வா. நான் ரயில்ல போயி அங்க நிக்கறேன்."