உன் குசினிச் சுவரில் ஒரு மெஷின்

என் ஆசையக்கா,

உன் இரண்டாவது திவசம் வருகிறது. பேப்பரில் போடுவதற்கு நாலு வரி எழுதித் தரும்படி அத்தான் கேட்டார். உன்னைப் பற்றி நாலு வரி எழுத எனக்கென்ன கஷ்டம் என்று கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்தேன். "பிரிவால் வாடும் கணவர், மகள், தங்கை" என்று எழுதினேன். அந்தத் தங்கை இப்போது யார் என்பது ஊருக்கே தெரியும். வெட்கமாக இருந்தது, வெட்டிவிட்டேன். பிறகு எழுத எழுத நாலு வரியில் நிற்கவில்லை. பேப்பர்காரர் குறைத்துப் போடுவதானால் போடட்டும். நீ முழுவதையும் படி.

உன் முதல் வருஷத்து ஆட்டைத் திவசம் முடிந்து சில மாதத்தில் அத்தானுக்கும் எனக்கும் கலியாண எழுத்து நடந்தது. அம்மாதான் பேச்சைத் தொடங்கினார். "கூடப்பிறந்த தங்கச்சி இருக்க, பிள்ளையை வேறை ஒருத்தியோ வளக்கிறது?" என்றார். எனக்கு முப்பத்து மூன்று வயது, இனி யார் கேட்டு வரப்போகிறார்கள்? ஓம் என்றேன். ஒரே நாளில் எனக்கு ஒரு வீடும் ஒரு புருஷனும் எட்டு வயதில் ஒரு மகளும் கிடைத்தன. மூன்றும் உன்னுடையவை.

அத்தானை முந்தியும் அத்தான் என்றேன், இப்போதும் அத்தான் என்கிறேன். வதனாவுக்கு நான் அன்றைக்கும் சின்னம்மா, இன்றைக்கும் சின்னம்மா. ஒருவருக்கும் சொல்லை மாற்ற வேண்டி வரவில்லை. அதனால்தானோ என்னவோ, பள்ளிக்கூட லீவுக்கு உன் வீட்டில் வந்து நிற்கிறவள் மாதிரியே இன்னும் நடந்து திரிகிறேன். உன் அலுமாரியைத் திறக்கும்போது கூட ஒருமுறை வாசலைப் பார்த்துக்கொள்கிறேன்.

சரி, வீட்டுப் புதினம் சொல்ல வருகிறேன். உன் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு மெஷின் பூட்டியிருக்கிறோம், அக்கா. தண்ணீர் மெஷின். தண்ணீரில் உள்ள ஊத்தையையும் வடிக்கும், கரைந்து கிடக்கிற சுண்ணாம்புக் கல்லையும் எடுத்துவிடும். உனக்குத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, வெள்ளைத் துணியில் வடித்து, பானையில் ஊற்றி மூடத்தான் தெரியும். அதையும் எத்தனை கவனமாகச் செய்தாய்! அப்படியிருந்தும் உனக்குத்தான் நெருப்புக்காய்ச்சல் வந்தது.

"ரைபொயிட். தண்ணியாலை வந்திருக்கும்" என்றார் டொக்டர். எந்தத் தண்ணீர், அக்கா? எங்கள் கிணறா? கலியாண வீட்டில் குடித்த சர்பத்தா? கீரிமலைக்குப் போன அன்று பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் வாங்கிக் குடித்ததா? பிறகு அதே கீரிமலைக் கடலில்தான் உன்னைக் கரைத்தோம். இதையெல்லாம் யாரிடம் கேட்பது?

அத்தான் அதோடு மாறிப்போனார். கந்தோருக்குப் போகும்போதும் போத்தலில் தண்ணீர் கொண்டு போவார். வதனா பள்ளிக்கூடத்தில் பைப்பில் குடித்தாள் என்று தெரிந்தால் அன்றைக்கு வீட்டில் சண்டைதான். கிளாசை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "பில்டர் ஒண்டு வாங்குவம். அப்பவே வாங்கியிருக்க வேணும்" என்றார். அந்த "அப்பவே" என்ற சொல்லைக் கேட்டதும் அகப்பையைச் சட்டிக்குள் வைத்துவிட்டேன். அப்போது வாங்கியிருந்தால் நான் இந்த வீட்டில் ஏன் அவருக்குச் சோறு போடப்போகிறேன்?

யாழ்ப்பாணம் ரவுணுக்கு இரண்டு பேரும் போனோம். கோட்டைப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டதென்று பாதிக் கடை பூட்டு. திறந்திருந்த ஒரு கடையில் பில்டர் காட்டினார்கள். உள்ளே வெள்ளை மண்ணில் மெழுகுதிரி போல ஒன்று நிற்கும், தண்ணீர் அதனூடாகக் கசிந்து இறங்கும். அத்தானுக்கு அதுவே போதும். நான்தான் பக்கத்தில் இருந்த படத்தைக் காட்டி இது என்னவென்று கேட்டேன்.

"அது ரெண்டும் சேந்தது, அக்கா" என்றார் கடைக்காரத் தம்பி. "பில்டர் ஊத்தையைத்தான் பிடிக்கும், கல்லைப் பிடிக்காது. இதிலை மற்ற சிலிண்டருக்குள்ளை மணி மணியா ஒரு சாமான் கிடக்கு, அது கல்லுத்தண்ணியை மெல்லிசாக்கி விடும். கொழும்பிலையிருந்து எடுப்பிக்க வேணும்."

"காய்ச்சல் கிருமி?" என்றார் அத்தான்.

"பிடிக்குமெண்டுதான் பெட்டியிலை எழுதிக் கிடக்கு. ஆனாலும் அண்ணை, குடிக்கிறதைக் கொதிக்க வையுங்கோ."

அத்தான் என்னைப் பார்த்தார். "எங்களுக்குக் காய்ச்சல் பயந்தானே. கல்லுக் கிடந்தால் கிடக்கட்டும். சண்டிலிப்பாய்ச் சனம் பரம்பரையா உந்தத் தண்ணியைத்தானே குடிக்குது. நீர் என்ன சொல்லுறீர்?"

நீர் என்ன சொல்லுறீர்! இந்த வீட்டுக்குள் நான் வந்த பிறகு என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. உன் பானை, உன் கேத்தில், உன் சாமியறை, உன் அரிசிப்பெட்டி எல்லாம் நீ வைத்த இடத்தில்தான் இருந்தன. நான் ஒன்றையும் அசைக்கவில்லை. முதன்முதலாக ஒன்றை நான் தெரிவு செய்யலாம் என்றதும் எனக்கு ஆசை வந்துவிட்டது. கேத்திலுக்குள் சுண்ணாம்பு படிகிறது என்றேன். சவர்க்காரம் நுரைக்குதில்லை என்றேன். அதற்கும் அவர் அசையவில்லை. கடைசியில், "பிள்ளைக்குக் கிட்னியிலை சலக்கல்லு கில்லு வந்தால் என்ன செய்யிறது?" என்றேன். அவர் முகம் கறுத்துப்போனது. "எடுப்பியுங்கோ தம்பி" என்று உடனே சொல்லிவிட்டார்.

உனக்கு ஒளிக்க முடியாது. நான் யோசித்தது சலக்கல்லையல்ல, என் தலைமயிரை. நாம் பிறந்த கொடிகாமத்து மணல் கிணற்று மெல்லிசுத் தண்ணீரில் முழுகி வளர்ந்த தலை, இங்கே வந்து சில மாதத்தில் தும்பாகப் போயிற்று. சீப்பு இறங்காது. முப்பத்து மூன்று வயதில் கலியாணம் செய்தவளுக்குக் கொஞ்சம் அழகாய் இருக்க ஆசை இருக்காதா? இருக்கலாம்தான். ஆனால் நீ செத்த காய்ச்சலால் அந்த மனுஷனுக்கு வந்த பயத்தைப் பிடித்து உலுப்பி அல்லவா அதை வாங்கினேன்.

கொழும்பு லொறி இன்று வரும், நாளை வரும் என்று ஒரு மாதம் போனது. ஒருவழியாகச் சாமான் வந்து, கடைக்காரத் தம்பியே பூட்ட வந்தார். கிணற்றுத் தாங்கியிலிருந்து பைப் இழுக்கக் குசினிச் சுவரில் ஓட்டை போட வேண்டும். எனக்குக் கை ஓடவில்லை. இது அப்பா உனக்குச் சீதனமாக வாங்கித் தந்த வீடு. உனக்குப் பிறகு வதனாவுடையது. ஆகவே பள்ளிக்கூடத்தால் வந்தவளை நிறுத்தி, "உன்ரை வீடெல்லே, பிள்ளை, சுவரிலை ஓட்டை போடட்டோ?" என்று கேட்டேன். அவள் சுவரை அண்ணாந்து பார்த்தாள். பெரிய மனுஷி மாதிரி, "போடுங்கோ, ஆனால் வடிவாப் போடுங்கோ" என்றாள். கடைக்காரத் தம்பி சிரித்துச் சிரித்தே துளைத்தார்.

பூட்டி முடித்துவிட்டு அவர் உப்புக் கேட்டார். உப்பு ஏன் என்றேன். உள்ளே இருக்கும் மணிகள், மீன்சினை மாதிரித்தான் இருக்கும், அவை கல்லைப் பிடித்துப் பிடித்துக் களைத்துப்போகுமாம். கிழமைக்கு ஒருதரம் உப்புத்தண்ணீர் விட்டுக் கழுவினால் திரும்பவும் வேலை செய்யுமாம். பக்கத்து வளவிலிருந்து வந்து பார்த்துக்கொண்டு நின்ற அத்தானின் தமக்கை, எங்கள் மச்சாள், வாயில் கையை வைத்தார். "எட கடவுளே! தண்ணி உவராய்ப் போகுதெண்டு சனம் கத்துது, நீங்கள் காசு குடுத்து உப்பைக் கொட்டுறியளோ?"

அவருக்கு வாய்ப்பாக முதல் கிழமையே நான் பிழை விட்டேன். உப்பை விட்டேன், அது போகும்வரை கழுவி ஊற்ற மறந்துபோனேன். அந்தத் தண்ணீரில் தேத்தண்ணீர் வைத்து மச்சாளுக்கே கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். "பவளம், சீனி முடிஞ்சு போச்செண்டால் சொல்லன் பிள்ளை, நான் தந்திருப்பனே" என்றார். இன்றைக்கும் தெருவில் கண்டால் அதைச் சொல்லித்தான் பகிடி பண்ணுகிறார். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

இதுவரைக்கும் சிரிப்பான கதை. இனித்தான் எனக்கு எழுத வருகுதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை குசினிப் பைப்பில் வாளி வாளியாகப் பிடித்துக் கிணற்றடிக்குக் காவி, நான் முழுகினேன். வதனாவுக்கும் வார்த்தேன். சவர்க்காரம் அப்படி நுரைத்தது. அவள் நுரையை அள்ளித் தாடி வைத்து விளையாடினாள். தலை காய்ந்த பிறகு சீவி இழுத்துவிட அவளை முன்னால் இருத்தினேன். உனக்குப் பிறகு மச்சாளிடம்தான் தலையைக் கொடுப்பாள், என்னிடம் வந்ததில்லை; சீப்பைக் கண்டதும் தோளைக் கூனிக்கொண்டு கண்ணை மூடுகிறவள். அன்றைக்குச் சீப்பு மேலே வைத்ததும் தெரியாது, கீழே வந்ததும் தெரியாது.

"சின்னம்மா, முடிஞ்சுதோ?" என்றாள்.

"முடிஞ்சுது."

"நோகேல்லை!" என்று திரும்பி என்னைப் பார்த்தாள். "அம்மா இழுக்கேக்கை சரியா நோகும். நான் அழுவன். உங்கடை கை மெத்தெண்டு இருக்கு, சின்னம்மா."

அக்கா, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்கமாட்டேன், அப்படியொரு சந்தோஷம் என் கலியாணத்தன்று கூட எனக்கு வரவில்லை. அவள் தானாக என் மடியில் சாய்ந்தது அன்றைக்குத்தான். நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அது கையல்ல, தண்ணீர் என்று சொல்ல ஒரு கணம் போதும். சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் சொல்லவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் அவளே சீப்பைக் கொண்டு வருகிறாள். தலை இழுக்கும்போது பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் கதைக்கிறாள். போன கிழமை மச்சாளிடம், "அம்மான்ரை கை முரடு, சின்னம்மான்ரை கைதான் நல்ல கை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "பாத்தியே பவளம், பிள்ளை உன்னோடை ஒட்டிட்டாள்" என்று மச்சாளுக்கும் மகிழ்ச்சி. நான் அரிசி களைந்துகொண்டு குனிந்த தலை நிமிரவில்லை.

உன் கை முரடா? உன் கையை எனக்குத் தெரியாதா? அம்மாவுக்குத் தோட்ட வேலை, என் தலையை இழுத்துப் பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியதெல்லாம் நீதானே. நீ சீப்பைப் போட்டால் நான் அப்படியே தூங்கிவிழுவேன். "எழும்படி, மணி அடிச்சிடும்" என்று கன்னத்தில் தட்டுவாய். அதே கைதான். கலியாணம் முடித்து இந்தக் கல்லுத்தண்ணீருக்கு வந்து, இதிலேயே உன் பிள்ளைக்கும் முழுக வார்த்து, சிக்கு விழுந்த தலையோடு தினமும் மல்லுக்கட்டினாய். அவள் அழுதபோது உனக்கு எப்படி இருந்திருக்கும்? உனக்கே உன் கையில்தான் பிழை என்று பட்டதோ?

உன் வீட்டில் இருக்கிறேன், உன் புருஷனோடு இருக்கிறேன். அதெல்லாம் பெரியவர்கள் பேசிச் செய்தது, நீ விளங்கிக்கொள்வாய் என்று மனதைத் தேற்றலாம். ஆனால் உன் பிள்ளையின் மனதில் உனக்கு இருந்த இடத்தை ஒரு மெஷினை வைத்து நான் பிடித்துக்கொண்டிருக்கிறேனே, இதற்கு என்ன சமாதானம் சொல்ல? உன்னைப் பற்றி அவளிடம் இருப்பது ஏழு வயதுப் பிள்ளையின் நினைவுதான். அதில் உன் கை நோகிற கையாகவே நின்றுவிட்டால்?

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். பயம், அக்கா. தண்ணீர்தான் காரணம் என்று தெரிந்தால் அவளுக்கு என் மடிக்கு வர வேறு என்ன காரணம் இருக்கிறது? இந்த வீட்டில் எனக்கென்று கிடைத்தது அந்த வெள்ளிக்கிழமை அரை மணித்தியாலம் மட்டும்தான். அதையும் விட்டுவிட்டு நான் என்ன செய்வேன் என்று நினைத்து நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

இனி இருக்கமாட்டேன். உனக்கு இந்த எழுத்தில் வாக்குத் தருகிறேன். உன் திவசத்துக்கு முன்னால் வருகிற வெள்ளி, மெஷின் தண்ணீர் ஒரு சொட்டும் இல்லாமல், கிணற்றில் அள்ளி அவளுக்கு முழுக வார்ப்பேன். தலை காய்ந்ததும் இருத்தி வைத்து இழுப்பேன். எவ்வளவு மெதுவாக இழுத்தாலும் நோகும், எனக்குத் தெரியும். அவள் கத்துவாள். "சின்னம்மா, ஏன் இப்பிடி நோகுது?" என்று கேட்பாள். "ஓமடி பிள்ளை, உன்ரை அம்மாவுக்கு இந்தத் தண்ணிதான் கிடைச்சது" என்று சொல்லுவேன். அடுத்த வெள்ளி அவள் சீப்பைக் கொண்டு வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

உன் கையால் தலை இழுபட்டு வளர்ந்த தங்கச்சி,
பவளம்