காமிரா இடம் மாறிய ஃபோன்

நவம்பர் 4, செவ்வாய்

ஜெராமில் இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருக்கும் மேரி இன்று கோலா சிலாங்கூரில் இருக்கும் என் ஃபோன் கடைக்கு வந்தாள். போன வருடம் என்னிடம் வாங்கிய ஃபோனைக் கொடுத்துவிட்டு, இந்த வருட மாடலைத் தவணையில் எடுக்க வேண்டுமாம்.

“உள்ளுக்கு ஒன்னும் மாறலம்மா. பின்னால காமிராவ இடம் மாத்தி வச்சிருக்கான், அவ்ளோதான் லா,” என்றேன். வியாபாரி சொல்லக்கூடாத பேச்சு. ஆனால் இந்த மாதம் ஒரு பாலிசிகூடப் பிடிக்கவில்லை என்று அவளே சொன்ன பிறகு வாய் சும்மா இருக்கவில்லை.

“எனக்குத் தெரியும்ணே. மேசையில ஃபோன வச்சதும் பாக்கறவங்களுக்கு அது தெரியாதே. பழைய மாடல் வச்சிருக்கிறவகிட்ட எவன் காசக் கட்டுவான்?”

பழைய ஃபோனைப் புது மாடல் போலக் காட்டும் கேசிங் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். சிரித்துவிட்டாள்.

“இது போலின்னு கண்டுபுடிச்சா, பாலிசியும் போலின்னுல்ல சொல்லுவாங்க!”

கேசிங்கைத் திரும்ப எடுத்து வைத்தேன். அவள் சொன்னது சரிதான். சரக்கு விற்க வருகிற ஆட்களை நானும் கையில் இருக்கும் ஃபோனைப் பார்த்துத்தான் எடை போடுகிறேன்.

தவணைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு புது ஃபோனைக் கொடுத்து அனுப்பினேன். பாலிசி கிடைக்காவிட்டால் தவணையை எப்படிக் கட்டுவாள் என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் எதிர்க்கடையில் போய் எடுத்திருப்பாள். இவ்வளவு நேரம் யோசித்தும், அவளிடம் வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று எனக்குப் பிடிபடவில்லை.