தள்ளிவிட ஆளில்லாத வண்டி

விளக்கெண்ணெய் வாசனை வந்தாலே பக்கத்தில் வந்து நிற்கும் என் மாப்பிள்ளை முனியாண்டிக்கு,

கம்யூனிஸ்ட்டுகளுக்குப் பயந்து நம் ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டுவிட்டார்கள். சாயங்காலம் கேட்டைப் பூட்டினால் லயத்து வீடுகளெல்லாம் ஊமையாகிவிடும். பேச ஆளா இல்லை? இருக்கிறார்கள். எனக்குத்தான் பேச்சு வருவதில்லை.

நம் பந்தய வண்டிகளின் கதையைக் கேள். மூன்று துரைமார் சேர்ந்து சீமையிலிருந்து வரவழைத்த மூன்று கறுப்பு மோட்டார் சைக்கிள்கள். பந்தயத்துக்குப் பந்தயம் நாம் இருவரும் பிரித்துப் பூட்டியவை. ஒன்று, ரெம்பாவ் ரோட்டில் நீ வண்டி ஏற்றிப்போன லோரியை மறித்துச் சுட்டார்களே, அன்று உன்னோடு எரிந்துபோனது. இன்னொன்றைச் சின்னத்துரை பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றிவிட்டார். மூன்றாவதைப் பெரிய துரை சீமைக்கே திரும்பிப் போனபோது ஸ்டோரிலேயே விட்டுவிட்டுப் போனார். வேலை முடிந்ததும் அதைத் துடைத்து, இஞ்சினில் விளக்கெண்ணெய் பார்த்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். வேறு எங்கே போவேன்?

போன வாரம் ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி வந்தார்.

"ஓடாத வண்டிய வெச்சி பூசையா பண்றது? நாளைக்குப் பழைய இரும்பு லோரி வருது. ஏத்தி விட்டுடு."

"ஓடும்ங்க ஐயா."

"அப்ப ஓட்டிக் காட்டு. ஓடுனா அம்பாங்கான் பட்டறைக்காரன் பந்தயத்துக்கு எடுத்துக்குவான். நா புதுத் தொரகிட்ட சொல்றேன்."

வாயை விட்டுவிட்டேன். ஆனால் அது உதைத்துக் கிளப்புகிற வண்டியா? ஒருவன் மேலே உட்கார, இன்னொருவன் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஓட வேண்டும். என் நொண்டிக் கால் ஓட்டத்துக்கு ஆகாது என்றுதானே எப்போதும் நான் மேலே, நீ பின்னே? இஞ்சின் பிடித்ததும் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டு, "போ மச்சான்!" என்று கத்துவாய். நான் உன்னைத் திட்டிக்கொண்டே போவேன்.

ஆள்களை வேலை வாங்கும் மண்டோரையே தள்ளக் கூப்பிட்டேன். "அது டப்பு டுப்புனு வெடிக்கும். கம்யூனிஸ்ட்டு சுடுறான்னு நெனச்சி கேட்டுல நிக்கிறவன் நம்மள சுட்டுடுவான்லா" என்று நழுவிவிட்டார். மற்றவர்களும் அப்படித்தான். இந்தக் காலத்தில் பயப்படுகிறவர்களை என்ன சொல்ல? தனியாகத் தள்ளிப் பார்த்தேன். நாலு எட்டு வைப்பதற்குள் வண்டியோடு விழுந்தேன். எழுந்திருக்க மனமில்லாமல் அப்படியே கிடந்தேன்.

அப்போதுதான் பாக்கியம் வந்தாள். நீ போனதிலிருந்து என் தங்கை அந்த ஸ்டோர்ப் பக்கமே வந்ததில்லை. அந்த எண்ணெய் வாசனை பட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அன்று ரப்பர் பாலைக் கொட்டிவிட்டு நேராக வந்தவள், சேலையைத் தூக்கிச் செருகினாள்.

"கேட்டுல சொல்லிட்டேன், சுட மாட்டாங்க. நீங்க ஏறுங்கண்ணே, நா தள்ளுறேன்."

"ஒன்னால முடியாது புள்ள."

"அவரு இருந்தா ஒங்கள இப்பிடி வுட்டுருப்பாரா?"

ஏறினேன். தள்ளினாள். பிடிக்கவில்லை. மூச்சு வாங்க மறுபடியும் தள்ளினாள். கிளட்சை விட்டேன், இஞ்சின் உறுமிப் பிடித்துக்கொண்டது. பழக்கத்தில் தோளைக் குறுக்கி உன் அறைக்குக் காத்திருந்தேன் மாப்பிள்ளை. அறை விழவில்லை. திடலைச் சுற்றி முடிக்கும் வரை அழுதுகொண்டேதான் ஓட்டினேன்.

திரும்பி வந்தபோது கிராணி தலையாட்டினார். வண்டி பிழைத்துவிட்டது. பாக்கியம் தள்ளிவிட்ட இடத்திலேயே, புகைக்குள் நின்றிருந்தாள். "புள்ளைக்குக் குடுக்குற வெளக்கெண்ணெய்ய வண்டிக்கு ஊத்துறீங்களே" என்று நம்மைக் கேலி செய்தவள், அந்த வாசனையை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துங்கண்ணே" என்றாள்.

நிறுத்தினேன்.

"இன்னொரு தடவ தள்ளுறேன்."

நேற்று வண்டி அம்பாங்கானுக்குப் போய்விட்டது. ஸ்டோரில் அது நின்ற இடத்தில் எண்ணெய்க் கறைதான் இருக்கிறது. அங்கேயும் போய் உட்கார்ந்து பார்த்தேன், முடியவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்த வண்டி எந்தப் பந்தயத்துக்குப் போனாலும் பாக்கியத்தைக் கூட்டிக்கொண்டு போவேன். யார் காலில் விழுந்தாவது, வண்டிக்குப் பின்னால் நீ நின்ற இடத்தில் அவளை நிற்கவைப்பேன்.

உன் கை படாத முதுகோடு,
உன் மச்சான் வேலாயுதம்