ஈரத்தரையில் உன் செருப்பு

புது ரப்பர் செருப்பின் வாசனைக்கு யாராவது அழுவார்களா? இன்று கூடுவாஞ்சேரிக் கடையில் நான் அழுதேன். விலை கட்டுப்படியாகாமல் அழுகிறேன் என்று நினைத்துக் கடைக்காரர் தானாகவே குறைத்துக்கொண்டார். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

எழுபதுகளில், மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் நம் கடலோர வீட்டுக்குக் கரண்ட் வந்த மறு வருஷம் நீ செங்கல்பட்டிலிருந்து என் கொழுந்தனின் மனைவியாக வந்தாய். வந்த வாரமே நீல வார் வைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு நடுவீட்டில் நின்று டேபிள் ஃபேனைப் போட்டாய். நம் மாமியார் கையில் இருந்த முறத்தைக் கீழே போட்டுவிட்டு வந்தார்.

"இன்னாடி இது? சாமி கீற வூட்டுல செருப்பா?"

"இது வூட்டுக்குன்னே வாங்கினது அத்தே. எங்க சித்தி ஈரக்காலோட இஸ்திரிப் பொட்டியத் தொட்டு, என் கண்ணெதிர்லயே கரண்ட் அடிச்சி செத்துப் பூட்டாங்க."

குரல் உயரவில்லை. செருப்பும் கழலவில்லை. தெருவே உன்னைச் 'செருப்பு மருமகள்' என்று கேலி செய்தது. உப்புக்காற்றில் துருவேறிய அந்த ஃபேனின் ஒயர் வெடித்திருந்ததையும் நீதான் கவனித்தாய். மாற்றும்வரை யாரும் தொடக்கூடாது என்று பிளக்கைப் பிடுங்கி வைத்தாய். அத்தைக்கு அதுவும் திமிராகத்தான் தெரிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் வீடு கழுவினார். தரை சீக்கிரம் காயட்டும் என்று பிளக்கைச் செருகி சுவிட்சைப் போட்டார். ஈரத்தில் வெறுங்காலோடு நின்று ஃபேனைத் திருப்பப் பிடித்தவர், அப்படியே ஒட்டிக்கொண்டார். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கட்டிப்பிடித்து இழுக்கலாம் என்று நான் ஓடினேன்.

"தொடாதக்கா! நீயும் பூடுவே!"

மெயின் சுவிட்ச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் இருந்தது. செருப்புக் காலோடு அங்கே ஓடி அதை இறக்கினாய். அத்தை சரிந்து விழுந்தார். உள்ளங்கை வெந்திருந்தது, உயிர் இருந்தது.

கொஞ்சம் தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "செருப்போடவா சாமிகிட்ட போன?"

"ஆமா அத்தே."

"இனிமே கழட்டாதடி."

அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டோடு உன் செருப்பையும் கழுவி, வெயிலில் காயவைத்து, மெயினுக்குக் கீழே அவரே கொண்டுவந்து வைத்தார். ஊரே சிரித்தாலும் சொன்னதில் நிற்கிற உன் தைரியம் எனக்கு வரவே இல்லையடி. அப்படிப்பட்டவளுக்கு நான் அக்காவாக இருந்ததே எனக்குப் பெரிய பெருமை.

போன மாதம் உன்னை எடுத்துக்கொண்டு ஆண்கள் போன பிறகு, பெண்கள் நாங்கள் வீட்டைக் கழுவிவிட்டோம். ஒரே புழுக்கம். அழுது வீங்கிய முகத்தோடு உன் மருமகள், அந்த ஈரத்தில் வெறுங்காலோடு ஃபேன் போடப் போனாள்.

"செருப்பப் போடுடி!" என்று கத்திவிட்டேன்.

அழுகை நின்றுபோய் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் திகைத்து நின்றாள். மெயினுக்குக் கீழே உன் செருப்பு வழக்கமான இடத்தில் இருந்தது. காலை நுழைத்தேன், எனக்குக் கொஞ்சம் பெரிதுதான். உனக்காக ஏற்றி வைத்திருந்த விளக்கைத் தாண்டிப் போய் நானே ஃபேனைப் போட்டேன்.

இன்று வாங்கிய ஜோடி உன் மருமகளுக்கு. உன்னுடையதை அவளுக்குக்கூடத் தர மாட்டேன்.