பதினொரு ரத்தக்காட்டேரிகளும் ஒரு வாசப்படியும்

பிளெய்ன்ஸ்பரோ, நியூ ஜெர்ஸி
8 நவம்பர் 2009, ஞாயிறு

என் செல்ல மகள் ரிதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கலிபோர்னியாவில் நீ சுகமாக இருப்பதை அம்மா சொல்லித் தெரிந்துகொள்கிறேன். ஆகஸ்டிலிருந்து உன் சேதியெல்லாம் எனக்கு அம்மா மூலம்தானே. முதலில் இங்கிலீஷில்தான் எழுத உட்கார்ந்தேன். ஆபீஸ் மெயில் மாதிரியே வந்தது, கடைசியில் 'ரிகார்ட்ஸ்' கூடப் போட்டுவிட்டேன். கிழித்துப் போட்டுவிட்டுத் தமிழுக்கு வந்தேன். சண்டே கிளாஸில் நீ படித்த எழுத்து மறந்திருக்காது என்று பெரிசு பெரிசாக எழுதுகிறேன். எங்கேயாவது தட்டினால் போன் பண்ணு, நானே படித்துக் காட்டுகிறேன்.

விஷயம் இதுதான். உன் ரத்தக்காட்டேரிப் படங்கள் பதினொன்றையும் பார்த்து முடித்துவிட்டேன்! நானேதான், சத்தியமாக.

செப்டம்பரில் பிரிண்டருக்குப் பேப்பர் தேடி உன் அறைக்குப் போனபோது, நீ விட்டுப்போன பச்சை நோட்டு கிடைத்தது. சினிமாவில் ரத்தக்காட்டேரி எப்படியெல்லாம் மாறியது என்று மேலே தலைப்பு, கீழே வருஷ வாரியாகப் பதினொரு படம். இதற்காகவா பார்மஸிப் படிப்பை விட்டுச் சினிமா படிக்கப் போனாள் என்று மறுபடியும் எனக்குச் சுர்ரென்றது. சரி, பார்த்துவிட்டே திட்டலாம் என்று டிவிடி எடுக்க லைப்ரரிக்குப் போனேன். போனவன் நன்றாக மாட்டிக்கொண்டேன்.

பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் ஏறியதும் லேப்டாப்பைத் திறந்துவிடுவேன். முதல் படம் பேசாத படம். மொட்டைத் தலை, எலிப் பல், கம்பி கம்பியாக நகம். அது போகிற ஊருக்கெல்லாம் எலியும் கொள்ளைநோயும் கூடவே போகிறது. பக்கத்து ஸீட் அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு வேறு ஸீட்டுக்குப் போய்விட்டார். பத்து வருஷம்கூட ஆகவில்லை, அதே ஆள் கோட்டு சூட்டு மாட்டி, தலையைப் படிய வாரிக்கொண்டு ஜமீன்தார் மாதிரி வருகிறான். நீ கவனித்தாயா, அந்தப் படத்தில் கோரைப் பல்லே காட்டவில்லை! வெறும் பார்வையிலும் பேச்சிலுமே பயமுறுத்துகிறான். அடுத்தது கலர்ப் படம், ரத்தம் சும்மா குங்குமச் சிவப்பு. அப்புறம் லெதர் ஜாக்கெட், மோட்டார் பைக். அதற்கும் அப்புறம், ஐயோ நான் ஏன் இப்படிப் பிறந்தேன் என்று படம் முழுக்க ஒப்பாரி.

போன வருஷத்துப் படத்தில் பாரு, ஸ்கூல் பையனாகவே ஆகிவிட்டான். முதல் படத்தில் வெயில் பட்டால் புகையாகப் போனவன், இதில் ஓக் ட்ரீ ரோடு நகைக்கடை ஷோகேஸ் மாதிரி மின்னுகிறான்! மக்ரிப் தொழுகை நேரத்தில் பேய்ப் படம் போடாதீங்க என்று சத்தம் போட்ட உன் அம்மா, இதை மட்டும் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தாள். பொண்ணைக் காபந்து பண்ணத்தானே நிக்கிறான், நல்ல பிள்ளைதான் என்று அவனுக்கு சர்ட்டிபிகேட் வேறு கொடுத்தாள்.

எனக்கு ஒரு சந்தேகம், உன் கட்டுரையில் சேர்த்துக்கொள். பழைய படங்களில் அது சிலுவையைக் கண்டால் ஓடுகிறது. நம் வீட்டுக்கு வந்தால் எதைக் கண்டு ஓடும்? காட்டேரிக்குப் பூண்டும் ஆகாதாமே, உன் அம்மாவின் சமையலில் இருக்கிற பூண்டே போதும் என்று நினைக்கிறேன். இன்னொன்றும் தோன்றியது. அந்த ஜமீன்தார் தன் ஊர் மண்ணைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு அடுத்த நாட்டில் இறங்குகிறான். எண்பத்தேழில் நானும் இரண்டு பெட்டி மசாலாப் பொடியோடுதான் நியூவர்க்கில் இறங்கினேன். 2001 செப்டம்பருக்குப் பிறகு கொஞ்ச நாள் ரயிலில் என் பக்கத்து ஸீட்டும் காலியாகவே வந்தது, உனக்கு அதை நான் சொன்னதில்லை. யாரைக் கண்டு ஜனங்கள் பயப்படுகிறார்களோ அவன் முகத்தைத்தான் காட்டேரிக்கு ஒட்டவைக்கிறார்கள் போல. பழகினால் பக்கத்து வீட்டுப் பையனாகிவிடுகிறான். சரிதானா, நீதான் சொல்ல வேண்டும்.

உன் நோட்டில் ஒரு வரிக்கு மூன்று தடவை அடிக்கோடு போட்டிருந்தாய். எத்தனை மாறினாலும், வீட்டுக்காரர்கள் அழைக்காமல் அது வாசல் தாண்டி உள்ளே வர முடியாது என்று. பத்தாவது படத்தில் காட்டேரியான ஒரு சின்னப் பெண் அழைப்பு இல்லாமலே உள்ளே வந்துவிடுகிறாள். வந்த இடத்தில் நின்றபடி அவள் உடம்பெல்லாம் ரத்தம் கசிகிறது. என்னால் அதற்குமேல் பார்க்க முடியவில்லை ரிதா. லேப்டாப்பை மூடிவிட்டேன். இறங்க வேண்டிய ஸ்டேஷனையும் விட்டுவிட்டேன்.

பார்மஸியை விடுகிறேன் என்று நீ சொன்ன அன்றைக்கு உன்னைப் பார்த்து, இனிமே இந்த வீட்டு வாசப்படி மிதிக்காதே என்று கத்தினேன். உன் தாத்தா இதே வார்த்தையை என்னிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறார். மூன்று தடவையும் ராத்திரிச் சோற்றுக்கு அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். எங்கள் ஆட்கள் வாயில் அது வெறும் கோபம், அவ்வளவுதான். இங்கே பிறந்து வளர்ந்த உனக்குச் சொன்னால் சொன்னதுதான் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. மறுநாளே பெட்டியைக் கட்டினாய். நோன்புப் பெருநாளைக்கும் நீ வரவில்லை. அன்று உன் அம்மா பிரியாணிச் சட்டியைத் திறக்கவே இல்லை. தப்பு என் மேல்தான், என்னை மன்னித்துவிடம்மா.

பார்மஸியை நீ விட்டது எனக்கு இன்னும் வருத்தம்தான், மறைக்க மாட்டேன். ஆனால் பதினொரு படம் பார்த்த பிறகு உன் மூளையைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை.

இந்த வருஷம் தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாளே ஹஜ்ஜுப் பெருநாள். அந்தப் பையன் படத்தின் அடுத்த பாகமும் அதற்குள் வந்துவிடும். பெருநாள் சாயங்காலக் காட்சிக்கு மூன்று டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறேன். உன் அம்மா இப்போதே எந்தப் புடவை என்று கேட்கிறாள்.

அல்லாஹ் உன் அறிவிலும் ஆயுசிலும் பரக்கத் செய்வானாக. வழியெல்லாம் உனக்குக் காவலாக இருப்பானாக. உன் நோட்டில் இருக்கிற சட்டப்படியே, இந்த வீட்டுக்காரன் எழுத்து மூலம் அழைக்கிறேன்: உள்ளே வாம்மா.

உன் அத்தா,
இனாயத்துல்லா