தார்நாகா வீட்டில் பத்து நாள் சோதனை

ஜூலை 7, திங்கள்
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை.
இந்த வீட்டில் ஐந்தாம் நாள். ஆராய்ச்சி மாணவிகள் மூவர்: மெஹர், ஸ்ராவணி, பிரிசில்லா. நான்காவதாக நான், நாற்பத்தெட்டு வயதில். பல்கலைக்கழக விடுதியில் என் வயதுக்கு அறை கிடையாது. இங்கே பத்து நாள் சோதனை. ஞாயிறன்று நான் தங்கலாம் என்று மூவரும் கை தூக்க வேண்டும். ஒருத்தி தூக்காவிட்டாலும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு போவன்பள்ளி அண்ணன் வீடு நினைவுக்கு வந்தது. அங்கே போனால் ஆராய்ச்சி இல்லை, அடுப்புதான்.

ஜூலை 8, செவ்வாய்
வாங்க: சலவைத்தூள், கொசுவத்தி, பேனா.
தொட்டி நிறையப் பாத்திரம். எல்லாவற்றையும் தேய்த்தேன். ஃப்ரிட்ஜைத் துடைத்தேன், பூசணம் பிடித்த சட்னியைக் கொட்டினேன். ஸ்ராவணியின் துணிகளையும் மடித்து வைத்தேன். நன்றியை எதிர்பார்க்கவில்லை. (எதிர்பார்த்தேன்.)

ஜூலை 10, வியாழன்
வெயில். வாசிப்பு பதினோரு பக்கம். மோசம்.
படியேறும்போது காதில் விழுந்தது. பிரிசில்லா, செகந்திராபாத் ரயில்வே காலனித் தமிழ்ப் பெண், அம்மாவிடம் போனில், ஊர் உருது கலந்து (நக்கோ என்றால் வேண்டாம், கைக்கு என்றால் ஏன், ஹவ் என்றால் ஆமாம்):
"நக்கோ மம்மி, நீ அந்த ஆன்ட்டிக்குப் பரிஞ்சு பேசாத. நல்லவங்கதான். கைக்கு எங்க பிளேட்டெல்லாம் கழுவுறாங்க? ரூம்ல வந்து லைட்ட ஆஃப் பண்றாங்க. எனக்கு ஒரு மம்மி போதும். ஹவ், கை தூக்க மாட்டேன்."
கோபம். அதைவிட வெட்கம். அன்பினால் கழுவவில்லை, வைத்துக்கொள்வார்கள் என்றுதான். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டிலும் இதே வேலை.

ஜூலை 11, வெள்ளி
தொட்டியில் அவர்களுடைய மூன்று தட்டு. என்னுடையதை மட்டும் கழுவினேன். மாலையிலும் அதே மூன்று தட்டு, கூட எறும்பு. கை பரபரத்தது. வெளியே நடக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து முப்பது பக்கம்!

ஜூலை 13, ஞாயிறு
சமையலறையில் கூட்டம். மெஹர் அரிசி களைந்தபடியே தலைமை. ஏதாவது சொல்ல வேண்டுமா என்று இந்தியில் கேட்டாள். நான் பிரிசில்லாவிடம் தமிழில் சொன்னேன்: "நீ போன்ல பேசினது கேட்டுது. இனிமே உங்க தட்டத் தொட மாட்டேன். சட்னியக் கொட்டினதுக்கு மட்டும் வருத்தமில்ல."
"அய்யோ, கேட்டுட்டீங்களா!" முகம் சிவந்தது. "அந்தச் சட்னி ஸ்ராவணியோடது. கொட்டினது நல்லதுதான்."
தன் பெயரை மட்டும் புரிந்துகொண்ட ஸ்ராவணி கரண்டியை ஓங்கினாள்.
மெஹர் கை தூக்கினாள். கரண்டியோடு ஸ்ராவணி. பிரிசில்லாவின் கை தோள் உயரம் வரை மட்டும்.
"இது சேருமா?" என்றேன்.
"உங்களுக்கு எல்லாத்துலயும் டவுட்டு ஆன்ட்டி." முழுக் கையையும் தூக்கினாள்.
நாளை ஒன்பது மணிக்கு நூலகம். வியாழக்கிழமை குளியலறை கழுவும் முறை எனக்கு.