சூசைப் பாரைக் காட்டிக்கொடுத்த ஆள்

என் கூடப்பிறந்த சூசை அண்ணனுக்கு,

நீ போய் ஒன்பது வருஷம் ஆகிறது. கல்லறைத் திருநாளுக்கு நம் பங்குக் கோவிலில் ஒரு சிறு புத்தகம் போடுகிறார்களாம். அவரவர் வீட்டு இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கலாம் என்று பூசையில் அறிவித்தார்கள். மற்றவர்கள் அழுது எழுதுவார்கள். நான் அதற்காக எழுதவில்லை. கரையில் நாலு பேருக்கு முன்னால் ஒரு பழியைச் சொல்லிவிட்டேன். அதை ஊருக்கு முன்னாலேயே திருத்த வேண்டியிருக்கிறது. திருத்துவதை உன்னிடம் சொல்வதுதான் முறை, ஏனென்றால் போனது உன் சொத்து.

உன் பார் வெளியாகிவிட்டது அண்ணா.

கடலுக்கடியில் பாறை எழும்பிக் கிடக்கிற இடம் பார், கலவா மீன் அங்கேதான் குடியிருக்கும். உனக்கு நான் சொல்லித் தர வேண்டாம், டவுணிலிருந்து இதை வாங்கிப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். கரையில் இரண்டு அடையாளம் ஒன்றுக்கு நேர் பின்னால் ஒன்றாக நிற்க வேண்டும். வேறு திக்கில் இன்னும் இரண்டு அப்படி நிற்க வேண்டும். நான்கும் கூடிவந்தால் வள்ளத்துக்குக் கீழே பார். எந்த நான்கு என்று இங்கே எழுத மாட்டேன். இந்தப் புத்தகத்தை வாங்குகிறவர்களில் பாதிப் பேர் வள்ளக்காரர்கள்.

நீ என்னைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போன நாள் உனக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை. உன் நோய்க்கு வைத்தியர் கையை விரித்த பிறகு, பக்கத்து ஊர் திருவிழாவுக்குப் போகிறோம் என்று பொய் சொல்லி என்னை வள்ளத்தில் ஏற்றினாய். பொம்பளையை ஏற்றிக்கொண்டு போகிறான் என்று கரையில் சிரித்தவர்கள் ஏழு பேர். ஏழு பேருடைய பெயரும் என்னிடம் இருக்கிறது. அதில் இரண்டு பேர் இப்போது உனக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறார்கள், கேட்டுக்கொள். நான் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். நீ தண்ணீர்கூடத் தரவில்லை. "எடுத்து முடிஞ்சா நிமிந்து பாருட்டி. நாலையும் கண்ணுல வச்சுக்க" என்றாய். பார்த்தேன். இன்றைக்கும் கண்ணை மூடினால் நான்கும் நேராக வந்து நிற்கும்.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். முதலில் உன் மச்சினனிடம் சொல்லத்தான் இருந்தாய். அவனுக்கு விசா வந்து மஸ்கட் போய்விட்டதால்தான் என் முறை வந்தது. அதை நான் மன்னிக்கவில்லை, இன்னும்.

நீ தொடங்கி வைத்த தொழில் நன்றாகத்தான் நடக்கிறது. ஆட்களைத் தூண்டில் போடக் கூட்டிக்கொண்டு போக இப்போது இரண்டு பைபர் வள்ளம். என் மகன் சேவியர் ஓட்டுகிறான். அவன் பெண்டாட்டி ஜெனிபர் போனில் ஆள் சேர்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகள் ஒரு மாசம் முன்னாலேயே நிறைந்துவிடும். மற்ற வள்ளங்களில் போனால் மீன் கிடைத்தால் கிடைக்கும். நம் வள்ளத்தில் போய் மீனைத் தொடாமல் திரும்பியவன் கிடையாது. அதற்குக் காரணம் உன் பார்தான்.

ஆனால் வருகிற ஆட்களை நீ பார்த்தால் நம்ப மாட்டாய். உன் காலத்தில் லீவுக்கு வந்த கல்ஃப்காரர்கள் நாலு பேர் சேர்ந்து வருவார்கள். சாக்கு நிறைய வேண்டும், நிறையாவிட்டால் முகம் கோணும். அந்தக் கணக்கு எனக்குப் புரியும். இப்போது வருகிறவர்கள் முதலில் கேட்பது வள்ளத்தில் கக்கூஸ் உண்டா என்று. அடுத்தது, படம் பிடிக்க வெளிச்சம் எப்போது நன்றாக இருக்கும் என்று. பிறகு மீனைப் பிடிக்கிறார்கள், அதற்கு முத்தம் கொடுக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், திரும்பக் கடலிலேயே விட்டுவிடுகிறார்கள். முதல் தடவை கேள்விப்பட்டபோது கிறுக்கு என்று நினைத்தேன். இரண்டாம் தடவை சந்தேகம் வந்துவிட்டது. மீன் வேண்டாதவன் மீன் இருக்கிற இடத்துக்கு எதற்கு வருகிறான்? அவனுக்கு வேண்டியது அந்த இடமாக இருந்தால்?

அதனால் சட்டம் போட்டேன். பாருக்குப் போகும் முன்னே எல்லாருடைய போனும் மூடி போட்ட பக்கெட்டுக்குள் போய்விட வேண்டும். இடம் காட்டுகிற பெட்டி எதுவும் வள்ளத்தில் கிடையாது, பெட்டியைத் திருடினால் பாரைத் திருடின மாதிரி. படம் வேண்டுமென்றால் சேவியர்தான் தன் போனில் எடுப்பான். அந்தப் போனிலும் இடம் பதியாதபடி ஜெனிபர் எதையோ அணைத்து வைத்தாள். இதற்கு மேல் என்ன காவல் போடச் சொல்கிறாய்?

ஆடி மாசக் கொந்தளிப்பு அடங்கி முதல் வாரம். சேவியர் ஆட்களோடு போனவன் நேரத்தோடே திரும்பி வந்தான். "அம்மா, நம்ம எடத்துல ஒரு வள்ளம் நங்கூரம் போட்டு நிக்கு" என்றான். நீல வள்ளமாம், புதுச் சாயமாம். இவர்களைக் கண்டதும் நங்கூரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டதாம். அடுத்த வாரமும் அந்த வள்ளம் நின்றது. அதற்கடுத்த வாரம் நம் ஆட்களின் தூண்டிலில் இரண்டே இரண்டு கலவாதான் கொளுவியது.

அன்றையிலிருந்து யாரைப் பார்த்தாலும் அவர்தானோ என்றிருந்தது.

முதலில் தாணு. சுசீந்திரத்துப் பையன், பெங்களூர்க் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே செய்கிறான். ஒன்று விட்ட சனிக்கிழமை வருவான், முழு வள்ளத்தையும் தனியாக எடுப்பான். ஒரு மீன்கூட வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. கரையேறியதும் சோப்பு போட்டு முழங்கை வரை கழுவுவான், சட்டையை மாற்றுவான். பக்கெட்டுக்குள் அவன் போன் அடித்துக்கொண்டே இருக்கும். திரும்பி வந்ததும் ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் போய் நின்று மெதுவாகப் பேசுவான். நானும் மெதுவாகப் போய் நின்று கேட்டேன். "இல்ல, யாருக்கும் தெரியாது" என்றான் போனில். இதற்கு மேல் என்ன வேண்டும்? அடுத்த மூன்று தடவையும் வள்ளம் ரிப்பேர் என்று திருப்பி அனுப்பினேன். வள்ளம் அவன் கண் முன்னாலேயே மிதந்துகொண்டிருந்தது.

அவனை நிறுத்திய பிறகும் நீல வள்ளம் வருவது நிற்கவில்லை. அப்போதுதான் என் புத்தி வீட்டுக்குள் திரும்பியது. ஜெனிபர் கிழக்கே வேறு ஊர்க்காரி. அவள் அப்பாவுக்கு வள்ளம் உண்டு. போன் எப்போதும் அவள் கையில். அடையாளத்தை அவளிடம் நான் சொன்னதில்லை, ஆனால் புருஷன் சொல்லியிருக்க மாட்டானா? ஒரு காலை, மீன் ஏலம் போகிற நேரம், கரையில் வைத்துக் கேட்டுவிட்டேன்.

"ஏட்டி, ஒனக்க அப்பனுக்குத்தானே சொன்ன?"

அவள் கத்தவில்லை. என் கையைப் பிடித்துப் போனை அதில் வைத்தாள். "இந்தாங்க மாமி. இனி நீங்களே எடுங்க." அவ்வளவுதான். பிறகு ஒரே வீட்டில் இருந்துகொண்டு என்னோடு பேச்சில்லை. சோறு போடுவாள், பேச மாட்டாள். நான் மூணாங் கிளாஸ் வரை படித்தவள், அந்தப் போனை வைத்து என்ன செய்வேன்? ஒரே நேரத்துக்கு மூன்று கூட்டத்தை வரச் சொல்லிவிட்டேன். திருவட்டாறிலிருந்து வந்த ஒரு குடும்பம் வெயிலில் நின்று வெந்து திரும்பிப் போனது.

அந்த வாரம் தாணு வீடு தேடி வந்தான். "பாட்டி, நான் ஏதாவது தப்பா நடந்துக்கிட்டேனா?" என்று கேட்டான். நானும் சுற்றி வளைக்கவில்லை, யாருக்கு இடத்தைக் காட்டிக் கொடுத்தாய் என்று கேட்டேன். அவன் முகம் சிவந்துபோனது.

"எங்க வீட்டுல எல்லாரும் சைவம் பாட்டி. நான் தூண்டில் போடுகது அம்மைக்குத் தெரியாது. கோயிலுக்குன்னு சொல்லிட்டு வாறேன். மீன் வாசத்தோட அடுக்களைக்குள்ள போனா கண்டுபிடிச்சிருவா, அதான் சோப்பு."

போனில் யாருக்கும் தெரியாது என்றது அவன் தங்கச்சியிடமாம். நான் அப்படியே நம்பிவிடவில்லை. மறுநாள் பஸ் ஏறி சுசீந்திரம் போய், அவன் தெருமுனைப் பூக்கடையில் விசாரித்தேன். அந்த வீட்டில் முட்டைகூட வாங்க மாட்டார்கள் என்றாள் பூக்காரி. சரி, அவன் இல்லை.

பிறகு என் கண்ணே துப்பு கொடுத்தது. ஒரு நாள் ஏலத்தில் லூர்துவின் கூடையில் கலவா கிடந்தது. நல்ல கறுத்த, தடித்த கலவா, உன் பாரில் மட்டும் கிடைக்கிற நிறம். லூர்து யார் மகன் என்று உனக்குத் தெரியும். கடலில் விரித்திருந்த உன் வலையை அறுத்துவிட்டு, மறுநாள் நற்கருணை வாங்க வரிசையில் உனக்கு முன்னால் நின்றானே, அவன் மகன். கடற்கரையின் மேற்கு ஓரத்தில் அவன் வள்ளம் கவிழ்த்துப் போட்டிருந்தது. நீலம், புதுச் சாயம்.

நேரே போய் நின்றேன். "எவ சொன்னா ஒனக்கு? எனக்க மருமவளா?"

"ஒருத்தியும் சொல்லல்ல எக்கா. ஒங்க கொட்டகையில இருந்து டீ குடிச்சேன். தலைய நிமித்தி மேல பாத்தேன்."

எனக்கு விளங்கவில்லை. அவனே விளக்கினான். "ரெண்டு பெரிய படம் தொங்க விட்டிருக்கியளே. மீனத் தூக்கிட்டு பல்லக் காட்டுகவனையா நான் பாப்பேன்? அவனுக்க முதுகுக்குப் பொறத்தால கரை தெரியுகில்லா? ஒரு படத்துல ரெண்டு, அடுத்ததுல ரெண்டு. மூணு நாளு நான் நம்பல்ல எக்கா. சூசைக்க தங்கச்சி இப்பிடிச் செய்வாளா, நம்மள ஏமாத்தத்தான் தொங்க விட்டிருக்கான்னு நெனச்சேன். போய்ப் பாத்தா கலவா."

ஆட்கள் காத்திருக்கிற கொட்டகைக்குத் திரும்பி வந்து படங்களுக்கு முன்னால் நின்றேன். அண்ணா, அவன் சொன்னது சரி. நான்கும் நின்றன. நீ எனக்குக் காட்டிய மாதிரியே, ஒன்றுக்குப் பின்னால் ஒன்று.

அந்தப் படங்களைத் தேர்ந்தெடுத்தது நான். சேவியர் பாரில் வைத்து எடுத்த படங்களை எல்லாம் ஜெனிபர் போனில் காட்டினாள். நிறைய இருந்தன. பெண்பிள்ளைகள் சிரிக்கிற படத்தைப் போடலாம் என்றாள். நான்தான் கேட்கவில்லை. இந்த இரண்டும்தான் பார்க்க லட்சணமாக இருக்கிறது என்று ஒற்றைக்காலில் நின்றேன். "இதுல மீனுக்க வால் வெட்டுப்பட்டுப் போச்சே மாமி" என்று கூட அவள் சொன்னாள். அவள் மீனைப் பார்த்தாள். என் கண்ணோ இத்தனை வருஷம் காவல் காத்த நான்கையும் படத்தில் கண்டதும் எனக்கே தெரியாமல் குளிர்ந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான். சேவியரும் தினம் பார்க்கிற காட்சி என்று கவனிக்கவில்லை. ஜெனிபரிடம் அடையாளத்தைச் சொல்லியிருந்தால் அவள் தொங்கவிட விட்டிருக்க மாட்டாள். அவளை நம்பாததால்தான் சொல்லவில்லை.

படிக்கிறவர்கள் யாரும் இப்போது எழுந்து ஓட வேண்டாம். இரண்டையும் அரிவாளால் கீறி அடுப்பில் போட்டாயிற்று. அங்கே இப்போது மாதா படம் மாட்டியிருக்கிறது, பின்னால் வெறும் வானம்.

அன்று மத்தியானம் ஜெனிபர் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்று, நான்தான் என்றேன். என்ன என்று கேட்டாள், எத்தனையோ நாளைக்குப் பிறகு. படத்தைச் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அண்ணைக்கு கரையில எத்தன பேரு கேட்டா மாமி?"

எனக்குக் கணக்கு தெரியும். "பதினாலு பேரு."

"அப்போ பதினாலு பேருக்கும் தெரியணும்."

இந்தக் கடிதம் அதற்குத்தான். பதினாலு வீட்டிலும் இந்தப் புத்தகம் வாங்குவார்கள், விசாரித்துவிட்டேன்.

பாரை என்ன செய்வது? அவிழ்ந்த முடிச்சை இனி கட்ட முடியாது. வெளிச்சம் போட்டு மீன் பிடிக்கிற பெரிய வள்ளக்காரர்கள் காதில் விழுந்தால் ஒரே வாரத்தில் அங்கே பாசி மட்டும்தான் மிஞ்சும். லூர்துவும் இதுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை என்கிறான். திறந்தால் அவனுக்கும் நஷ்டம்தானே, அதனால் பாதி நம்புகிறேன். அவனிடம் பேசி முடித்தேன். அவன் நாள் அவனுக்கு, நம் நாள் நமக்கு. தூண்டில் மட்டும், வலை கூடாது. நம் ஆட்கள் பாரில் பிடிக்கிற அத்தனையும் திரும்பக் கடலுக்கு. எவன் மீனை விடுகிறானோ அவனுக்குத்தான் இனி பாருக்கு வள்ளம் என்று ஜெனிபர் போனில் போட்டாள். போட்டதும் கூட்டம் கூடிவிட்டது. சாக்கு கேட்டவர்களைத் திருப்பி அனுப்புகிறோம், வெறுங்கையோடு போகிறவர்களுக்கு இடம் போதவில்லை. எனக்கு இது விளங்கவே இல்லை அண்ணா. தாணுவுக்கு நானே கூப்பிட்டு, வள்ளம் சரியாகிவிட்டது என்றேன். அவன் மேற்கொண்டு கேட்கவில்லை, நல்ல பிள்ளை.

லூர்து மட்டும் ஒன்று கேட்டான். "நீங்க விடுக மீனை எல்லாம் மறுநாள் நான் பிடிச்சா என்ன செய்வியோ எக்கா?"

ஒரு தடவை கொளுவிய மீனுக்கு உதட்டில் வடு இருக்கும், வடு உள்ளது எல்லாம் எங்கள் வீட்டு மீன், அதை நீயும் விட்டுவிட வேண்டும் என்றேன். சரி என்று தலையாட்டினான். அவன் அப்பனும் நன்றாகத் தலையாட்டுவான்.

ஆகையால் லூர்து போகிற நாளெல்லாம் நான் கரையில் இருக்கிறேன். கூடை இறங்கியதும் ஒவ்வொரு கலவாவாக எடுத்து வாயை விரித்துப் பார்க்கிறேன். ஏலக்காரர் முணுமுணுக்கிறார், முணுமுணுக்கட்டும். போன வாரம் வடு உள்ளது ஒன்று இருந்தது. நல்லவேளை, உயிர் இருந்தது. லூர்துவைக் கொண்டே திரும்பக் கொண்டுபோய் விடச் செய்தேன்.

கண் தெரிகிற வரைக்கும் இதை விட மாட்டேன் அண்ணா, சத்தியம். அங்கே நம் ஆட்கள் யாராவது கேட்டால் ஜெனிபரையோ சுசீந்திரத்துப் பையனையோ சொல்லிவிடாதே. லூர்துவின் அப்பன் எதிரில் வந்தாலும் அவன் மகன் பெயரைச் சொல்லாதே, அது எனக்குக் கசப்பாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லாதே. என் பெயரைச் சொல்.

காட்டிக்கொடுத்தவளும் இப்போது காவல் இருக்கிறவளுமான,
உன் தங்கை
திரேசம்மாள்